துபாய் வழியாக லாஸ் ஏஞ்சல்ஸுக்கு முதல் வகுப்புப் பயணம்: எதை அனுபவிப்பது, எதை விடுவது?

நொய்யலோரம் (திருப்பூர்):

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்து வருகிறேன். ஆர்டர் கொடுப்பவர்களைச் சந்திக்க ஐரோப்பாவுக்குப் பல முறை போய்வந்திருந்தாலும், டிக்கெட்டில் மிச்சமாகும் பணத்தில் எத்தனை ஓவர்லாக் இயந்திரம் வாங்கலாம் என்று கணக்குப் போடும் ஊரில் பிழைப்பவன் என்பதால், இதுவரை எகானமி வகுப்பைத் தாண்டி அமர்ந்ததில்லை. இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே வசிக்கும் மகளும் மாப்பிள்ளையும் என்னையும் என் துணைவியாரையும் அழைத்திருக்கிறார்கள். முழங்கால் வலியோடு அம்மா பதினாறு மணி நேரம் மடங்கி உட்கார்ந்து வரக் கூடாது, கொச்சியிலிருந்து துபாய் வழியாக எமிரேட்ஸ் முதல் வகுப்பில்தான் வர வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள்.

முதல் வகுப்பைப் பற்றி இணையத்தில் தேடினால் ஷாம்பெயினும் மீன் முட்டையும்தான் கண்ணில் படுகின்றன. நாங்கள் இருவரும் மது அருந்துவதில்லை. துணைவியார் சுத்த சைவம், சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். அப்படியிருக்க, இவ்வளவு பணம் கொடுத்து ஏறும் இடத்தில் எங்களைப் போன்றவர்கள் அனுபவிக்க உண்மையில் என்ன இருக்கிறது? கொச்சியிலிருந்து துபாய் வரையிலான நான்கு மணி நேரத்துக்கும் முதல் வகுப்பு தேவையா? பணியாளர்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றும், இறங்கும்போது அன்பளிப்பு கொடுக்க வேண்டுமா என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. டிக்கெட் இன்னும் போடவில்லை. போய்வந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் அதற்கேற்ப முடிவு செய்வோம்.

ஆனைமலைக்காரன் (பொள்ளாச்சி, தற்போது துபாய்):

வணக்கம் அண்ணா. நான் துபாயில் வேலை பார்ப்பவன். இந்த வகுப்பில் சொந்தக் காசிலும் போயிருக்கிறேன், நிறுவனக் காசிலும் போயிருக்கிறேன்.

அந்த வகுப்பில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் உங்கள் நேரத்தைத்தான். எகானமியில் வண்டி வரும்போது சாப்பிட வேண்டும், விளக்கை அணைக்கும்போது தூங்க வேண்டும், பக்கத்து இருக்கைக்காரர் எழும்போது நாமும் எழ வேண்டும். முதல் வகுப்பில் பசித்தபோது சாப்பாடு கேட்கலாம், தூக்கம் வரும்போது படுக்கை விரிக்கச் சொல்லலாம், உங்களைக் கேட்காமல் யாரும் எழுப்ப மாட்டார்கள். குடிக்காதவருக்கும் சைவருக்கும் இதில் ஒரு குறையும் இல்லை. பலர் முதல் மூன்று மணி நேரத்திலேயே எல்லாவற்றையும் தின்று குடித்துத் தீர்த்துவிட்டு, மீதிப் பயணத்தை வயிற்று மந்தத்தோடு கழிக்கிறார்கள். அந்த வழியில் நீங்கள் போக வேண்டாம்.

உங்கள் வழித்தடத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துபாயிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் விமானம் காலையில் புறப்பட்டு, சுமார் பதினாறு மணி நேரம் பறந்து, அங்குள்ள நேரப்படி அதே நாள் பிற்பகலில் இறங்கும். துபாயில் காலை எட்டரை மணி ஆகும்போது லாஸ் ஏஞ்சல்ஸில் முந்தின நாள் இரவு. குளிர்காலமாக இருந்தால் எட்டரை, கோடைக்காலமாக இருந்தால் ஒன்பதரை. கொச்சியிலிருந்து விடியற்காலை விமானத்தைப் பிடித்து வரும் உங்களுக்கும் முந்தைய இரவு தூக்கம் கெட்டுப்போயிருக்கும். ஆகவே ஏறியவுடன் விருந்தில் இறங்காமல், இலேசாக ஏதேனும் சாப்பிட்டுவிட்டு முதல் பாதியிலேயே படுத்துவிடுங்கள். ஆறேழு மணி நேரம் தூங்கி எழுந்தால் மகள் ஊரில் விடிகிற வேளையாக இருக்கும். அதன் பிறகு நிதானமாகக் குளித்து, முழுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஒரு படம் பார்த்துக்கொண்டே இறங்கலாம்.

குளிப்பது பற்றிச் சொன்னேன் அல்லவா? எமிரேட்ஸின் ஏ380 விமானத்தில் மேல்தளத்தின் முன்பகுதியில் முதல் வகுப்புப் பயணிகளுக்கான 14 தனி அறைகளும் அவற்றுக்குப் பொதுவாக இரண்டு குளியலறைகளும் உண்டு. ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் ஒதுக்குவார்கள். அதில் வெந்நீர் ஓடுவது ஐந்து நிமிடம் மட்டுமே. இடையில் தண்ணீரை நிறுத்தி சோப்புப் போட்டுக்கொண்டு மறுபடி திறக்கலாம் என்பதால் அந்த ஐந்து நிமிடம் தாராளமாகவே போதும். நாற்பதாயிரம் அடி உயரத்தில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது வெறும் ஆடம்பரம் என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் நீண்ட பயணத்தின் கடைசியில் குளித்து, மாற்றுடை உடுத்தி, பேரப்பிள்ளைகளைப் பார்க்க இறங்குவதில் ஒரு மரியாதை இருக்கிறது. ஏறியதும் குளியலறைப் பணியாளர் வந்து எத்தனை மணிக்கு வேண்டும் என்று கேட்பார். இறங்குவதற்கு முந்தைய வேளைக்கு எல்லோரும் போட்டி போடுவார்கள் என்பதால், முதலிலேயே உங்கள் இருவருக்கும் நேரம் சொல்லி வைத்துவிடுங்கள்.

சைவச் சாப்பாட்டுக்கு, புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பாகவே ஆசிய சைவ உணவு என்று பதிவு செய்துகொள்வது நல்லது. அது தவிர, அரேபிய முன்னுணவுத் தட்டு என்று ஒன்று வரும். கொண்டைக்கடலை அரைத்த ஹம்மஸ், சுட்ட கத்தரிக்காய் மசியல், பொடியாக நறுக்கிய கொத்துமல்லி போன்ற ஒரு கீரையில் செய்த தபூலே ஆகியவை அதில் இருக்கும். எங்கள் வீட்டம்மா அதைச் சாப்பிட்டுவிட்டு வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். ஆரம்பத்தில் அரேபியக் காப்பியுடன் பேரீச்சம்பழமும் தருவார்கள்; அம்மா அதில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

அன்பளிப்பு கொடுக்கும் வழக்கம் விமானத்தில் இல்லை. பெயரைச் சொல்லி நன்றி கூறினாலே மகிழ்வார்கள். வெறும் சுடுதண்ணீர், கூடுதல் தலையணை, இன்னொரு போர்வை, பாதி இரவில் ஒரு கோப்பை தயிர் என்று எதைக் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

காவிரிக்கரை (ஈரோடு):

பயண முகவராகத் தொழில் செய்பவன் என்ற முறையில் டிக்கெட் பக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில் புறப்படும் ஊர். கோவை பீளமேடு விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபி என்று போகிற வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் ஒற்றை நடைபாதை கொண்ட சிறிய விமானங்கள்; அவற்றில் முதல் வகுப்பு என்ற ஒன்றே கிடையாது. திருப்பூர்க்காரர்களுக்கு பெங்களூருவைவிட கொச்சிதான் தோது. வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் என்று ஒரே நெடுஞ்சாலை. குதிரான் சுரங்கப்பாதை திறந்த பிறகு மலையேற்ற நெரிசலும் இல்லை. விமான நிலையம் நெடும்பாசேரியில், கொச்சி நகருக்குள் நுழைவதற்கு முன்பே வந்துவிடுகிறது. பெங்களூருவில் ஊரைக் கடந்து வடக்கே தேவனஹள்ளி வரை போக வேண்டும், அதற்கு ஆகும் நேரத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பெங்களூருவுக்கு 2022 முதல் ஏ380 வருகிறது, கொச்சிக்கு 777 வகைதான் என்ற வேறுபாடு உண்டு. குளியலறை ஏ380ல் மட்டுமே இருக்கிறது, 777ல் இல்லை. உங்கள் நீண்ட பயணம் துபாயிலிருந்து ஏ380ல்தான் என்பதால் இது உங்களைப் பாதிக்காது.

கொச்சி–துபாய்ப் பகுதிக்கு முதல் வகுப்பு வேண்டாம் என்பது என் கருத்து. ஏறி, சாப்பிட்டு, கண்ணயர்வதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பகுதியை பிசினஸிலோ, துணைவியாரின் முழங்கால் அனுமதித்தால் எகானமியிலோ போட்டுக்கொண்டு, நீண்ட பகுதியை மட்டும் முதல் வகுப்பாக வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு பகுதியும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால், கொச்சி விமானம் தாமதமாகி அடுத்த விமானம் தவறிப்போகும்போது பொறுப்பேற்க ஆளிருக்காது. கலப்பு வகுப்பு டிக்கெட்டைவிட முழுவதும் முதல் வகுப்பாக வாங்குவது மலிவாக அமைகிற விசித்திரமும் சில நாட்களில் நடக்கும் என்பதால், இரண்டு விலையையும் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

பெட்டி எடையில் பலர் குழம்புகிறார்கள். முதல் வகுப்புக்கு 50 கிலோ என்று படித்துவிட்டு ஒரே பெரிய பெட்டியாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். அமெரிக்கா போகும் வழித்தடத்தில் கணக்கே வேறு. ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 32 கிலோ வரை. பெட்டியின் எடை 32ஐத் தாண்டினால் முதல் வகுப்புப் பயணியாக இருந்தாலும் பிரித்துக் கட்டச் சொல்வார்கள்.

வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், எகானமி அல்லாத வகுப்புகளுக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. எகானமிக்கு 5 விழுக்காடே. தொழில் நிமித்தமான பயணமாக இருந்தால் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணில் டிக்கெட் போட்டு உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறலாம். மகள் வீட்டுக்குப் போவதற்கு அது பொருந்தாது. உங்கள் ஆடிட்டர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கடன் அட்டைப் புள்ளிகளை மைல்களாக மாற்றி முதல் வகுப்பு வாங்கும் யோசனை மாப்பிள்ளைக்கு இருந்தால், 2025ல் எமிரேட்ஸ் கொண்டுவந்த கட்டுப்பாட்டை அவருக்குத் தெரிவியுங்கள். ஸ்கைவர்ட்ஸ் என்னும் அதன் மைல் சேமிப்புத் திட்டத்தில் சில்வர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இப்போது மைல்களைக் கொடுத்துப் பெறும் முதல் வகுப்பு பரிசு டிக்கெட் கிடைக்கும்.

மலைக்காற்று (கோவை):

பொது மருத்துவராகப் பணிபுரிகிறேன். உடல்நலம் பற்றிய சில செய்திகள் விடுபட்டிருக்கின்றன.

எந்த வகுப்பில் அமர்ந்தாலும் விமானத்தின் காற்றழுத்தம் ஒன்றுதான். விதிப்படி, பறக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமான அளவுக்குக் கீழே போகக் கூடாது. அதாவது ஊட்டியைவிடச் சற்று உயரமான இடத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 787, ஏ350 போன்ற புதிய வடிவமைப்புகளில் அது 6,000 அடி அளவில், ஏறத்தாழ குன்னூர் உயரத்தில் வைக்கப்படுகிறது. ஊட்டியில் இல்லாத ஒன்று விமானத்தில் உண்டு. உள்ளே உள்ள காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும். தொண்டையும் தோலும் வறண்டுபோவதற்கு அதுவே காரணம். மது அருந்தாத உங்களுக்கு இதில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தண்ணீரை மட்டும் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டே இருங்கள்.

அடுத்தது கால். நீண்ட நேரம் அசையாமல் அமர்வதால் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைவதை எகானமி வகுப்பு நோய் என்று பேச்சுவழக்கில் சொல்லிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் அந்த ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஆனாலும் ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே அது இருக்கிறது. காரணம் அசையாமல் இருப்பது என்பதால், மெத்தை எவ்வளவு சொகுசாக இருந்தாலும் எழுந்து நடக்காதவருக்கு வகுப்பு கைகொடுக்காது. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், படுத்திருக்கும்போது கணுக்காலை மடக்கி நீட்டுவதும் முழங்காலுக்கும் நல்லது. படுக்கும்போது இடுப்பு வாரைப் போர்வைக்கு மேலே தெரியும்படி கட்டிக்கொண்டால், விமானம் குலுங்கும் வேளையில் வாரைச் சரிபார்க்க உங்களை எழுப்ப வேண்டியிருக்காது.

சர்க்கரை நோயாளிக்கு முதல் வகுப்பின் உண்மையான பயன், விரும்பிய நேரத்தில் விரும்பிய அளவு சாப்பிட முடிவதுதான். மேற்கு நோக்கிப் பறக்கும்போது அந்த நாள் வழக்கத்தைவிடப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக நீள்கிறது; மாத்திரைகளை எந்த இடைவெளியில் எடுப்பது என்று உங்கள் மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும்.

சுவை பற்றியும் ஒரு செய்தி. லுஃப்தான்சா நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் செய்த ஆய்வில், குறைந்த அழுத்தத்தில் உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கித் தெரிவதும், தக்காளியில் உள்ள ஒருவகைச் சுவை மட்டும் அப்படியே நிற்பதும் தெரியவந்தது. பெரிய சமையற்காரரின் மெல்லிய ஐரோப்பிய உணவு மேலே சப்பென்று இருப்பதற்கும், தக்காளி ரசம் போன்ற சூப்பு எடுபடுவதற்கும் அதுவே காரணம். ஆனைமலைக்காரன் சொன்ன அரேபியத் தட்டில் பூண்டும் எலுமிச்சையும் தூக்கலாக இருப்பதால் அதுவும் தப்பித்துவிடுகிறது.

அமராவதிப் பாலம் (கரூர்):

எல்லோரும் முதல் வகுப்புக்கு ஆதரவாகவே எழுதியிருப்பதால் மறுபக்கத்தை நான் எழுதுகிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன் நான்.

படுக்கையாக விரியும் இருக்கை, கதவு, தனிமை ஆகியவை ஒரு காலத்தில் முதல் வகுப்பின் தனிச்சொத்தாக இருந்தன. 2017ல் கத்தார் ஏர்வேஸ் பிசினஸ் வகுப்பிலேயே கதவு வைத்தது. பிறகு ஒவ்வொரு நிறுவனமாகப் பின்பற்றியது. உலகின் மிக நீண்ட இடைநில்லாப் பயணிகள் சேவையான சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது. அதில் 67 பிசினஸ் இருக்கைகளும் 94 பிரீமியம் எகானமி இருக்கைகளும் உண்டு, முதல் வகுப்பு கிடையாது. ஏர் இந்தியாவின் ஏ350லும் இல்லை. அமெரிக்காவின் யுனைடெட், டெல்டா ஆகியவையும் வெளிநாட்டு வழித்தடங்களில் அதை விட்டுவிட்டன. அவ்வளவு நீண்ட பயணத்துக்கே தேவைப்படாதது உங்களுக்கு ஏன் என்று ஒருமுறை யோசியுங்கள்.

ஆனால் தரையில் கிடைக்கும் வசதியை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியில் இருப்பதால் ஜனவரி தோறும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு ஃபிராங்க்ஃபர்ட் போவது வழக்கம். அங்கே லுஃப்தான்சாவின் முதல் வகுப்புப் பயணிகளுக்கென்று 2004லிருந்து தனிக் கட்டடமே இருக்கிறது. உள்ளேயே பாதுகாப்புச் சோதனை, சாப்பாட்டு மேசை, தொட்டிக் குளியல், ஓய்வறை. விமானத்துக்கு நேரமானதும் காரில் ஏற்றிக்கொண்டு படிக்கட்டு வரை விடுகிறார்கள். நான்கு நாள் கண்காட்சி அரங்கில் நின்று கால் வீங்கிய பிறகு அந்தத் தொட்டியில் கிடந்த நேரம், வானத்தில் கழித்த எட்டு மணி நேரத்தைவிடப் பெரிது என்றே தோன்றியது.

இன்னொன்று, இந்த வசதி எழுதிக் கொடுக்கப்பட்ட உறுதி அல்ல. வேறொரு நிறுவனத்தில் முதல் வகுப்பு வாங்கியிருந்தபோது, கடைசி நேரத்தில் முதல் வகுப்பே இல்லாத விமானமாக மாற்றிவிட்டு, கட்டண வேறுபாட்டைத் திருப்பித் தர மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஆயுளில் ஒரு முறை என்றால் போய்வாருங்கள், நான் தடுக்கவில்லை. திரும்பி வரும் வழிக்கு மட்டுமாவது பிசினஸ் போட்டுப் பாருங்கள். வேறுபாடு எவ்வளவு என்பதை நீங்களே எடைபோட்டுவிடலாம்.

நொய்யலோரம் (திருப்பூர்):

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. மகளிடம் பேசி, கொச்சி–துபாய் பிசினஸ், துபாய்–லாஸ் ஏஞ்சல்ஸ் முதல் வகுப்பு, திரும்பும்போது முழுவதும் பிசினஸ் என்று ஒரே டிக்கெட்டில் விலை கேட்டிருக்கிறோம். கரூர் நண்பரின் யோசனைப்படி திரும்பும் வழியை மாற்றியதில் மிச்சமாகும் தொகையைக் கேட்டுத் துணைவியார் மகிழ்ந்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு சந்தேகம்: கதவு போட்ட தனித்தனி அறை என்றால் நாங்கள் இருவரும் பயணம் முழுவதும் பிரிந்தே உட்கார வேண்டுமா? அவர் இதுவரை தனியாக ஒரு மணி நேரம்கூட விமானத்தில் அமர்ந்ததில்லை.

ஆனைமலைக்காரன் (பொள்ளாச்சி, தற்போது துபாய்):

பிரிய வேண்டியதில்லை அண்ணா. ஏ380ல் வரிசைக்கு நான்கு அறைகள். சன்னலோரம் ஒவ்வொன்றும், நடுவில் சேர்ந்தாற்போல் இரண்டும் இருக்கும். நடுவில் உள்ள இரண்டையும் எடுத்துக்கொண்டால், இடையில் உள்ள தடுப்பை இறக்கிவிட்டு அருகருகே பேசிக்கொண்டே வரலாம், தூங்கும்போது ஏற்றிக்கொள்ளலாம். கட்டில்கள் ஒன்றாகச் சேராது; அந்த வசதி சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ380 அறைகள் சிலவற்றில்தான் உண்டு. சன்னல் கிடைக்காதே என்று அம்மா வருத்தப்பட்டால், வட துருவத்துப் பனியைப் பார்க்கக் கொஞ்ச நேரம் வேறு சன்னலருகே நிற்க வேண்டும் என்று பணியாளரிடம் கேளுங்கள். மேல்தளத்தின் பின்கோடியில் நின்று பேசுவதற்கென்றே ஒரு லவுஞ்ச் இருக்கிறது, அங்கும் சன்னல்கள் உண்டு. மருத்துவர் சொன்ன நடையும் அந்தப் போக்குவரத்திலேயே முடிந்துவிடும். டிக்கெட் உறுதியானவுடன் அன்றே இருக்கை எண்களைக் குறித்துவிடுங்கள், நடு அறைகள் தம்பதிகளால் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன.